தடைக்காலத்தில் நாம் சாப்பிடுவது எந்த நாட்டு மீன்?

18 ஏப்ரல் 2025 – ஒரு வாசகரின் கேள்வி

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது. சிந்தாதிரிப்பேட்டையில் வஞ்சிரம் வழக்கம்போலக் கிடக்கிறது, விலைதான் ஏறியிருக்கிறது. படகு போகாமல் மீன் எங்கிருந்து வந்தது? என் கணக்கு இதுதான்: நமக்கு விற்பதெல்லாம் வியட்நாம் மீன், ஓமன் மீன். நம் கடலில் பிடிபடும் நல்ல மீன் மொத்தமும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போய்விடுகிறது. தெரிந்தவர்கள் யாராவது மறுத்துப் பேசுங்கள்.

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

மறுக்கிறேன், பாதியை மட்டும்.

ராயபுரத்தில் இருக்கிறேன். கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் 19 வருடம் காகித வேலை பார்த்து ஓய்ந்தவன். மீனைவிட மீனின் சான்றிதழை அதிகம் பார்த்தவன் என்று வீட்டில் கேலி. இன்று ஈஸ்டர் என்பதால் விடியற்காலை நாலரைக்கே காசிமேட்டுக்குப் போனேன். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக்கிடக்கின்றன, சிலவற்றில் பெயிண்ட் வேலை நடக்கிறது. ஆனால் ஏலம் விடும் இடத்தில் கூட்டம் இருந்தது. மீன் இறங்கியது லாரியிலிருந்து.

தெர்மாகோல் பெட்டிகளில் மலையாள எழுத்து. ஒன்றைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். வஞ்சிரத்தின் வயிற்றுப் பக்கம் ஐஸ் அழுத்திய பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. செவுள் சிவப்பு போகவில்லை, ஆனால் கருஞ்சிவப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இரண்டு நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குக் கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே கடைசி வரை அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது. கொச்சி, மங்களூரு, குஜராத்தின் வேராவல் என்று எங்கிருந்தும் வண்டி வரும். உங்கள் வஞ்சிரத்துக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டிருக்காது.

அதே நாள், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். தடை விசைப்படகுக்குத்தான். பைபர் படகும் கட்டுமரமும் போகலாம். நொச்சிக்குப்பத்திலும் நீலாங்கரையிலும் இந்த இரண்டு மாதம் கிடைக்கும் நெத்திலி, கிழங்கா, காலா எல்லாம் அன்றன்றைக்குக் கரைக்கு வந்தவை. ஐஸே பார்க்காத மீன் வேண்டுமானால் அங்கே போங்கள். அளவு சிறியதாக இருக்கும், விலையைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

பைபர் படகு என்றதும் ஞாபகம் வருகிறது. அபிராமபுரம் செயின்ட் மேரிஸ் சாலையில் வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலகம் இருக்கிறது. 1979-இல் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு தொடங்கியது. அலையடிக்கும் மணல் கரையில் இறக்கி ஏற்றக்கூடிய கண்ணாடி நாரிழைப் படகுகளை அவர்கள்தான் சோதித்துச் சோதித்துப் பரப்பினார்கள். 2003-இலிருந்து அது இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு ஆகிய நான்கு அரசுகளின் அமைப்பு. நான்கு நாட்டுக் கடலைப் பற்றிப் பேசும் ஓர் அலுவலகம் நம் ஊரில் இருப்பது, அந்த வழியாகத் தினமும் ஆட்டோவில் போகிறவர்களுக்கே தெரியாது. எனக்கும் வேலையில் சேர்ந்து ஆறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

23 ஏப்ரல் 2025

"நாம் மட்டும் 61 நாள் கட்டிப்போட்டால் போதுமா, பக்கத்து நாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போக மாட்டானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆனால் பக்கத்து நாட்டிலிருந்து பார்த்தால் இதே சந்தேகம் நம்மீது.

எங்கள் வீட்டு மாடியில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் குடியிருக்கிறார், குருநகர்க்காரர். தடை தொடங்கிய அன்று அவருக்கு ஊரிலிருந்து போன் வரும், குரலில் சந்தோஷம் இருக்கும். "உங்கட ஆக்களுக்கு லீவு எண்டாத்தான் அண்ணை எங்கட ஆக்களுக்கு வேலை" என்பார். நம் இழுவைப் படகுகள், அதாவது டிராலர்கள், வராத இரண்டு மாதம்தான் வட மாகாணத்துச் சிறு படகுக்காரர்கள் வலை அறுபடும் பயமில்லாமல் கடலுக்குப் போகிற காலம். இலங்கை 2017 ஜூலையில் கடலின் அடித்தரையை வாரும் இழுவை வலையைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. நம் பக்கம் பாக் நீரிணையில் அது இன்னும் ஓடுகிறது. 2,000 டிராலர்களுக்குப் பதில் ஆழ்கடல் படகு கொடுக்கும் திட்டமும் அதே 2017-இல் வந்ததுதான். படகு ஒன்றுக்கு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் ஐந்தில் ஒரு பங்கு, மீதியில் பெரும் பகுதி வங்கிக் கடன். சூரை மீன் பிடிக்க வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்க வேண்டும். மாலை போய்க் காலை திரும்பிப் பழகியவர்கள் அதற்குச் சுலபமாகச் சம்மதிப்பார்களா?

வங்கதேசத்தில் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் மே 20 முதல் ஜூலை 23 வரை 65 நாள் கடலை மூடி வைத்திருந்தார்கள். நமக்கு ஜூன் 15-ஆம் தேதியே திறந்துவிடும். நாங்கள் கரையில் உட்கார்ந்திருக்கும்போது இந்தியப் படகுகள் வந்து அள்ளுகின்றன என்று அங்கே மீனவர்கள் வருடா வருடம் கத்தினார்கள். இந்த வருடம்தான் தேதியை மாற்றி ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை, 58 நாள் என்று நம்மோடு சேர்த்துக்கொண்டார்கள்.

கடல் ஒன்றாக இருந்தும் காலண்டர் ஒன்றாக இல்லை என்பதுதான் என் பேச்சு. அந்த இடைவெளியில்தான் பாதி வியாபாரம் நடக்கிறது.

நம் காசிமேட்டுப் படகுகளும் யோக்கியம் இல்லை. வடக்கே நெல்லூர்க் கரையோரம் போய், அங்குள்ள மீனவர்கள் படகைப் பிடித்துவைத்துப் பஞ்சாயத்து ஆன கதைகள் இங்கே டீக்கடைக்கு டீக்கடை கிடைக்கும். அது வேறு நாடுகூட இல்லை.

27 ஏப்ரல் 2025

பெயர்க் குழப்பம் பற்றி யாரும் பேசவில்லையே?

சென்னையில் ஷீலா என்றால் ஊசி மூக்கும் நாய்ப்பல்லும் உள்ள நீள மீன். தூத்துக்குடிக்காரரிடம் சீலா என்று கேட்டால் நம் வஞ்சிரத்தைக் கொடுப்பார். நம் ஷீலாவுக்கு அங்கே ஊளி என்று பெயர். வஞ்சிரத்தைக் கேரளத்தில் நெய்மீன் என்பார்கள். மாடி வீட்டு அம்மாவுக்கு அது அறக்குளா. ஒரு முறை நான் வஞ்சிரம் வாங்கி வந்ததைப் பார்த்து, "உதை ஏன் அண்ணை வஞ்சிரம் எண்டு சொல்லுறியள், வாயிலையே நுழையேல்லை" என்றார். அறக்குளா மட்டும் வாயில் நுழைகிறதாம்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்து ஒரு முகவர் போனில் "சீலா 400 கிலோ" என்றார். நான் சென்னைக்காரன், அறிவியல் பெயர்ப் பத்தியில் ஷீலாவின் பெயரை எழுதிவிட்டேன். பெட்டியில் இருந்தது வஞ்சிரம். மேலாளர் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு தமிழ்ப் பெயரை நம்புவதை விட்டேன். மீன் போட்டோ வந்தால்தான் பேனாவைத் திறப்பேன்.

சங்கராவும் அப்படித்தான். நாம் குழம்பு வைக்கும் சங்கராவைத்தான் கேரளத்தில் கிளிமீன் என்கிறார்கள். மேற்குக் கரை ஆலைகளில் அதன் சதையைப் பிரித்து, அலசி, மாவுபோலப் பிசைந்து, உறைய வைத்து ஜப்பானுக்கும் தாய்லாந்துக்கும் அனுப்புகிறார்கள். சுரிமி என்று பெயர். சூப்பர் மார்க்கெட்டில் சிவப்புச் சாயம் தடவி "நண்டுக் குச்சி" என்று விற்கிறதே, அதில் நண்டு தேடாதீர்கள். இந்த மாதிரி மீன் மாவுதான் அது.

2 மே 2025

வியட்நாம் மீன் பற்றி இருவர் கேட்டுவிட்டார்கள். பாசா என்று மெனுவில் இருப்பது மேகாங் ஆற்றுப் படுகையில் குளங்களில் வளர்க்கும் கெளுத்தி இனம். வெள்ளைச் சதை, முள் இல்லை, வாசனையும் இல்லை. ருசியும் இல்லை என்பது என் கருத்து. ஓட்டலில் ஃபிஷ் ஃபிங்கர் ஆர்டர் செய்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் எல்லாம் கப்பலில் வந்தது என்று நினைக்க வேண்டாம். இதே மீனை ஆந்திராவிலும் ஏராளமாக வளர்க்கிறார்கள்.

போன வருடம் பெரம்பூரில் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. மெனு அட்டையில் வஞ்சிரம் வறுவல். தட்டில் வந்த துண்டைப் பார்த்தேன், நடுமுள் இல்லை, தோல் இல்லை. வஞ்சிரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் வட்டமாக ஒரு முள் வந்தே தீரும். சமையல்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, முள் இல்லாத வஞ்சிரம் எந்தக் கடல்ல கிடைக்குது?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் இருந்ததால் நானும் அதோடு விட்டேன்.

எனவே கேள்வி கேட்டவருக்கு: உங்கள் சந்தேகம் சரிதான், சந்தேகப்பட்ட இடம்தான் தப்பு. சந்தையில் முழு மீனாக இருப்பதை விட்டுவிட்டு, மசாலா தடவி வருவதைச் சந்தேகப்படுங்கள்.

11 மே 2025

"நல்லதெல்லாம் சிங்கப்பூர் போகிறது" என்ற பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். இதை நான் மறுக்க முடியாது, நானே அனுப்பியவன்.

உயிர் நண்டு. கடலில் நீந்தும் நீல நண்டு அல்ல, உப்பங்கழிச் சேற்றில் கிடைக்கும் பெரிய பச்சை நண்டு. பழவேற்காட்டிலிருந்து வரும், ஆந்திராவிலிருந்து வரும், ஒடிசாவிலிருந்துகூட வரும். கொடுக்கை உடம்போடு மடக்கிக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கட்டும் ஆட்களின் கையைப் பார்க்க வேண்டும். இடது கட்டைவிரலால் முதுகை அழுத்தி, காலால் கயிற்றின் ஒரு முனையை மிதித்து, நாலு சுற்று. பத்து விநாடி ஆகாது. நான் ஒரு முறை முயன்று ஆள்காட்டி விரலில் தழும்பு வாங்கினேன், இன்னும் இருக்கிறது.

பிறகு எடை வாரியாகப் பிரிப்பார்கள். வயிற்றுப் பக்கம் ஓட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். அமுங்கினால் அது தண்ணி நண்டு, புதிதாக ஓடு மாற்றியது, உள்ளே சதை இருக்காது, தள்ளிவிடுவார்கள். கெட்டியானது மட்டும் ஈரம் காயாமல் பெட்டிக்குள் போய், இரவு விமானத்தில் ஏறும். சிங்கப்பூர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பெரிய சேற்று நண்டுக்கு "ஸ்ரீலங்கா நண்டு" என்றே பெயர் ஒட்டிவிட்டது. அந்தப் பெயர் பலகைக்குக் கீழே கட்டுண்டு கிடப்பதில் பழவேற்காட்டு நண்டும் இருக்கலாம். நண்டு ஆட்சேபிக்கப் போவதில்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை மறக்க மாட்டேன். மழை. மாலையில் 60 பெட்டி நண்டு மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டது. அன்று இரவு ஓடுபாதையில் வெள்ளம் ஏறி விமான நிலையத்தை மூடினார்கள். திறந்தது 6-ஆம் தேதி. வண்டி கத்திப்பாராவுக்கு இந்தப் பக்கம் எங்கோ நின்றுவிட்டது, டிரைவர் போன் எடுக்கவில்லை. ஈரமாக வைத்தால் நண்டு நாலைந்து நாள் தாங்கும். ஊரெல்லாம் தண்ணீரில் மிதக்க, பெட்டிக்குள் இருந்த நண்டுகளுக்கு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தபோது மூடியைத் திறந்தோம். மேல் வரிசை மட்டும் கண் தண்டை ஆட்டியது. உயிரோடு இருந்ததைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். கரண்ட் இல்லாத வீடுகளில் அன்றைக்கு ஏற்றுமதித் தர நண்டு ரசம்.

இரண்டாவது தடவை மழை இல்லை. 2020 ஜனவரி கடைசியில் சீனா வூகான் நோய்க்காக அடைத்தது. சீனப் புத்தாண்டு நேரம், நண்டுக்கு உச்ச விலை கிடைக்கும் வாரம். ஒரே நாளில் ஆர்டர் எல்லாம் ரத்து. எப்போதும் விமானம் ஏறும் அளவு நண்டுகள் காசிமேட்டில் கூறு போட்டுக் கிடந்தன. அந்த மாதம்தான் என் பிள்ளைகள் முக்கால் கிலோ நண்டை முதல் முறை பார்த்தார்கள். "அப்பா, இத்தனை வருஷம் இதையா பெட்டியில போட்டு அனுப்பினே?" என்று சின்னவள் கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

12 மே 2025

60 பெட்டி என்று எழுதினேன். பழைய டைரியைப் பார்த்தேன், 46. வருடம் ஆக ஆக நஷ்டம் பெரிதாகத் தெரிகிறது.

25 மே 2025

இறால் பற்றி எழுதச் சொல்கிறார்கள். ஏற்றுமதிப் பணத்தில் பெரும் பங்கு அதுதான். 2023-24-இல் இந்தியா அனுப்பிய கடல் உணவு 17.8 லட்சம் டன், மதிப்பு 60,500 கோடி ரூபாய்க்கு மேல். அதில் உறைய வைத்த இறால் மட்டும் 7.16 லட்சம் டன். முதல் வாடிக்கையாளர் அமெரிக்கா, அடுத்தது சீனா.

இதில் நம் கடல் இறால் எவ்வளவு என்று கேட்டால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் குளத்தில் வளர்க்கும் வனாமி இறால். அதன் சொந்த ஊர் மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரை. 2009-இல்தான் இங்கே வளர்க்க அனுமதி. முட்டையிடும் தாய் இறால் இன்றும் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிறது. வந்ததும் நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை இருக்க வேண்டும். கொரோனாவில் நாம் வீட்டுக்குள் கிடந்தபோது அங்கே வேலை பார்த்த ஒருவர், "எங்க இறால் 2009-லேர்ந்து குவாரண்டைன்ல இருக்கு சார்" என்றார். அங்கிருந்து மரக்காணம் பக்கம், ஆந்திரா பக்கம் பொரிப்பகங்களுக்குப் போகும். குஞ்சு குளத்துக்குப் போகும். மூன்று நாலு மாதத்தில் உறைந்து அமெரிக்காவுக்குப் போகும். தாயின் சொந்தக் கண்டத்துக்கே பிள்ளை திரும்பிப் போகிறது.

அதற்கு முன்னால் நம்முடைய டைகர் இறால்தான் ராஜா. 1994-95-இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து குளம் குளமாகச் செத்தது. நாகப்பட்டினம் பக்கம் நெல் வயலும் குடிநீரும் உப்பாகிறது என்று சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் தீர்ப்பு: கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இறால் குளம் கூடாது. 2005-இல் தனிச் சட்டம் வந்து, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையில் உட்கார்ந்தது, தொழில் மறுபடி எழுந்தது. இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால், அந்தத் தொழிலில்தான் சம்பளம் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

கடலில் பிடித்த நம் இறாலுக்கு அமெரிக்கக் கதவு 2019-இலிருந்து மூடல். இழுவை வலையில் சிக்கும் ஆமை தப்பிக்க வழி வைக்கவில்லை என்பது காரணம். ஆக, வாசகரின் கணக்குக்கு நேர் எதிர். கடல் இறால் நமக்குத்தான் மிஞ்சுகிறது. காசிமேட்டில் வெள்ளை இறால் கிடைத்தால் வனாமியைத் தொடாதீர்கள்.

3 ஜூன் 2025

ஏப்ரல் 20 குறிப்புக்குத் திருத்தம். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு கரையும் மூடியிருக்கும், அதுதான் உண்மையான பஞ்சம் என்று அடுத்து எழுத இருந்தேன். ஒரு நாகர்கோவில்காரர் முந்திக்கொண்டார். கேரளம் தன் எல்லைக்குட்பட்ட கடலில் 52 நாள்தான் மூடுகிறது, ஜூன் 9 நள்ளிரவிலிருந்து. எனவே மலையாளப் பெட்டி இன்னும் சில நாள் வரும். ஒப்புக்கொள்கிறேன்.

இன்று வீட்டில் கருவாடு. மாடி வீட்டு அம்மா மாசி கொடுத்தார். மாலத்தீவில் சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக்கட்டை மாதிரி ஆகும்வரை காயவைப்பது. அங்கே வலை போடுவதில்லை. தூண்டில் கழியால் ஒவ்வொன்றாக எறிந்து எறிந்து பிடிக்கிறார்கள். இலங்கையில் சம்பலுக்கு இது இல்லாமல் ஆகாது. காயல்பட்டினத்துக்காரர்களுக்கும் தெரியும். சென்னையில் பிறந்த எனக்கு முதலில் இது மீன் என்றே தெரியவில்லை, மிக்ஸியில் போட்டு பிளேடு போய்விட்டது. உரலில் இடிக்க வேண்டுமாம்.

15 ஜூன் 2025

நேற்று நள்ளிரவு படகுகள் போய்விட்டன. பட்டாசுச் சத்தம் வீடுவரை கேட்டது. பெரிய மீன் வர நாலைந்து நாள் ஆகும், இன்றைக்கே போய் நிற்காதீர்கள்.

6 ஜூலை 2025

பேச்சு எங்கெங்கோ போகிறது, நானும் போகிறேன். "தடை செய்தால் நின்றுவிடுமா?" என்ற கேள்விக்கு இரண்டு சாட்சி.

ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1990-களின் தொடக்கத்தில் வங்கதேசத்திலிருந்து மேற்கு வங்கத்துக்குள் திருட்டுத்தனமாகக் குஞ்சு வந்தது. கோழிக் கழிவைப் போட்டாலும் வளரும், சேற்றிலும் மூச்சு விடும், ஏரிக்குள் தப்பினால் மற்ற மீனையெல்லாம் தின்றுவிடும். 2000-இல் இந்தியா தடை செய்தது. இத்தனை வருடம் கழித்தும் மீன்துறையினர் எங்காவது குளத்தை இறைத்து இதை அழித்த செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

கடல் அட்டை. இந்தியாவில் 2001-இலிருந்து புலியும் யானையும் இருக்கும் அதே பாதுகாப்புப் பட்டியலில் இது இருக்கிறது, தொட்டால் ஜெயில். முப்பது கிலோமீட்டர் தள்ளி இலங்கையில் அனுமதி வாங்கினால் பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரையோரம் வேலி போட்டு வளர்க்கவும் செய்கிறார்கள். அங்கிருந்து சட்டப்படி சீனாவுக்குப் போகிறது. அப்படியானால் ராமநாதபுரத்தில் பிடிபடும் மூட்டைகள் எந்தத் திசைக்குக் கிளம்பியவை என்று நான் சொல்ல வேண்டுமா? இங்கே குற்றமாக ஏறுவது அங்கே சரக்காக இறங்குகிறது.

என் வேலையில் இதன் எதிர்ப்பக்கத்தையும் பார்த்தேன். 2010-இலிருந்து ஐரோப்பாவுக்கு மீன் அனுப்ப, எந்தப் படகு எங்கே பிடித்தது என்று சான்றிதழ் வேண்டும். 2015 ஜனவரியில் இலங்கை மீனை ஐரோப்பா தடை செய்தது, 2016 ஜூனில் விலக்கியது. அந்த ஒன்றரை வருடமும் பிடித்த இடம் என்ற கட்டத்தை எங்களிடம் இரண்டு முறை சரிபார்த்தார்கள். அந்தக் கட்டத்தில் நான் எழுதுவது ஓர் எண் மட்டும்: 57. உலகக் கடலை உணவு வேளாண் அமைப்பு எண் போட்டுப் பிரித்திருக்கிறது. காசிமேடு, சிட்டகாங், ரங்கூன் எல்லாமே 57. ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுதியிருப்பேன்.

29 ஆகஸ்ட் 2025

நேற்று முன்தினத்திலிருந்து இந்தியப் பொருளுக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி. ஈக்வடாருக்கு 15, இந்தோனேசியாவுக்கு 19, வியட்நாமுக்கு 20. இறால்காரர்கள் வயிற்றில் அடி. பழைய அலுவலகத் தோழரிடம் பேசினேன். ஆந்திராவில் குளத்தை விட்டுப் பாதி வளர்ந்த இறாலையே அள்ளிவிடலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்களாம்.

"அப்படியானால் நமக்கு இறால் மலிவாகுமே" என்று ஒருவர் கண் சிமிட்டும் பொம்மை போட்டிருக்கிறார். 2020 நண்டை நினைத்துக்கொண்டேன். ஆகலாம் சார், நானும் வாங்கித்தான் சாப்பிட்டேன். ஆனால் அந்த நண்டைப் பிடித்த பழவேற்காட்டுக்காரர் அந்த மாதம் பைபர் படகின் மோட்டாரை அடகு வைத்தார். இதை மே மாதம் எழுதும்போது விட்டுவிட்டேன். சிரிப்பாக எழுதிக்கொண்டு போனதில் இடம் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

21 செப்டம்பர் 2025

புரட்டாசி பிறந்து ஐந்தாம் நாள். சந்தை காற்றாடுகிறது. வருடத்தில் மீன் வாங்க இதுதான் நேரம், வீட்டில் அனுமதி கிடைத்தால்.

எனக்குக் கிடைக்காது, ஆகவே கிரீம்ஸ் சாலைப் பக்கம் போனேன். ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளிகளுக்காக அங்கே சந்துகளில் மெஸ்கள் உண்டு. போன வருடம் ஆகஸ்டிலிருந்து வங்கதேச நோயாளிகளுக்கு விசா கிடைப்பது அரிதாகி, பாதி மேசை காலி. இலிஷ் இருக்கிறதா என்றேன். நம் ஊரில் உல்லம் என்போமே, அதுதான். வங்கதேசம் 2012-இல் அதன் ஏற்றுமதியை நிறுத்தியது, இப்போது துர்கா பூஜைக்கு மட்டும் கொஞ்சம் விடுகிறது. இந்த வருடம் 1,200 டன். கடைக்காரர், "பத்மா இலிஷ் நஹி, பர்மா" என்றார். வங்கதேசத்துப் பத்மா ஆற்று மீன் இல்லையாம். பர்மா மீன், கல்கத்தா வழியாக, உறைந்து வந்தது. கடுகு அரைத்த குழம்பில் ஒரு துண்டு. முள்ளை எண்ண ஆரம்பித்து நாற்பதோடு நிறுத்தினேன். தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து கையை மூன்று தடவை சோப்பு போட்டேன், மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

முதல் நாள் கேள்வி கேட்டவருக்கு: கடைசியில் நீங்கள் தேடிய வெளிநாட்டு மீனைச் சாப்பிட்டேவிட்டேன். நல்ல ருசி.

28 செப்டம்பர் 2025

மாடி வீட்டு அம்மாவின் மகன் பாரிஸில், லா சப்பல் பக்கத்தில் இருக்கிறார். அங்கே தமிழ்க் கடையில் வாங்கிய பாக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அம்மா போனை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். உறைந்த மீன் துண்டுகள், பொதி செய்தது இலங்கை, பிடித்த இடம் 57. அந்த எண்ணைப் பார்த்ததும் விரல் தானாக டைப் அடிப்பதுபோல அசைந்தது.

"அண்ணை, இது எங்கட அறக்குளாவோ, உங்கட வஞ்சிரமோ?"

பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் வட்ட முள் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. தலை இருந்தால் செவுளைப் பார்த்து எதையாவது சொல்லியிருப்பேன் என்றேன்.

"தலையை அவங்கள் அனுப்பேல்லை" என்றார்.